நான்கெல்லைக்கு வெளியே

இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் ஒரு சிறிய ஊரின் ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருக்கிறேன். விடுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிட நடை. வழியில் கல்சுவர் வைத்த ஒரு நிலம் வரும். நான் வந்த முதல் வருஷம், குளிர் கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில், அந்த நிலத்தில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியது ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கலாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஆண்கள் போடும் பழைய கோட்டு. அவளுக்குப் பின்னால் ஈரமண் கறுப்பாகப் புரண்டு விழ, புழு பொறுக்க வெள்ளைப் பறவைகள் கூட்டமாகத் தொடர்ந்தன. தபால்காரர் சைக்கிளில் போனார், கையை உயர்த்தினார், அவளும் உயர்த்தினாள். அவ்வளவுதான். யாரும் வரப்பில் கூடவில்லை. யாரும் அவளைக் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. நான் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அன்று வேலைக்குப் பத்து நிமிடம் தாமதம். வார்டு சிஸ்டர் காரணம் கேட்டார். வேறெதுவும் வாயில் வராமல், "ஒரு பெண் உழுதுகொண்டிருந்தாள் சிஸ்டர்" என்றேன். அவர் பதறிப்போய், "விழுந்துவிட்டாளா? அடி பலமா?" என்றார். இல்லை, உழுதாள், அதைத்தான் பார்த்தேன் என்றேன். என் ஆங்கிலத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார். "ஏஞ்சலா, நாளையிலிருந்து கொஞ்சம் முன்னால் கிளம்பு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அஞ்சலாட்சி என்ற பெயர் இங்கே யாருடைய நாக்கிலும் புரளாததால் முதல் வாரத்திலேயே நான் ஏஞ்சலா ஆகியிருந்தேன். யாருக்கும் அடியில்லை என்று சிஸ்டரிடம் சொன்னதும் முழு உண்மை இல்லை. அன்று பகல் முழுவதும் எனக்கு எங்கோ உள்ளுக்குள் வலித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் ஊர் வளவனூருக்கும் கோலியனூருக்கும் இடையில், பாண்டிச்சேரி ரோட்டை ஒட்டி இருக்கிறது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கு நாலு ஏக்கர். ஒன்றரை ஏக்கர் கிணற்றுத் தண்ணீரில் நெல் விளையும் கழனி. மிச்சம் மழையை நம்பிய கொல்லை. ஒரு வருஷம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, ஒரு வருஷம் கேப்பை. பிள்ளைகள் நானும் என்னைவிட இரண்டு வயது இளையவனான தம்பி ஏழுமலையும்தான். நாலு ஏக்கர் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும், இரண்டு குடும்பத்துக்குப் போடாது. ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் இது தெரியும். அதனால் ஒரு பையன் நிலத்தில் இருப்பான், மற்றவன் வெளியே போவான். வெளியே என்றால் விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை தூக்குவது, திண்டிவனத்தில் அரிசி மில் அல்லது லாரி ஷெட், நாலு எழுத்துப் படித்திருந்தால் பட்டாளம். பெண் பிள்ளை இந்த ஏற்பாட்டில் எங்கேயும் வரமாட்டாள். கட்டிக்கொடுத்த வீட்டு நிலத்தில் களை எடுப்பாள். ஆக, எங்கள் வீட்டில் யோசிக்க ஒன்றுமே இல்லை. நிலம் ஏழுமலைக்கு; எனக்கு ஒரு மாப்பிள்ளை.

ஆனால் ஏழுமலைக்குச் சேறு என்றாலே முகம் சுளிக்கும். ரோட்டில் போகும் பஸ்ஸை ஹாரன் சத்தத்தை வைத்தே எது என்று சொல்வான். கிணற்றிலிருந்து மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டச் சொன்னால் மாட்டை நடுச்சரிவில் நிறுத்திவிட்டு லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பான். நானோ அதற்கு நேர் எதிர். காலையில் கீரைக்கூடையை வளவனூரில் இறக்கிவிட்டு அங்கேயே பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் திரும்பியதும் புத்தகத்தை எறிந்துவிட்டு மடை திருப்ப ஓடுவேன். எந்தப் பாத்தி எவ்வளவு நேரம் தண்ணீர் குடிக்கும் என்று எனக்குத் தெரியும். நைனா உழும்போது பின்னாலேயே நடந்து சாலில் மல்லாட்டை விதை போட்டது ஏழு வயதிலிருந்து என் வேலை. ஏருக்குப் பின்னால் விதையோடு நடக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு. ஏரின் கைப்பிடியான மேழியைத் தொடத்தான் இல்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருஷம் ஏழுமலை திண்டிவனத்துக்கு ஓடிப்போய் ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தான். "திரும்பி வருவான்" என்று நைனா மாட்டுக்குத் தீனி வைத்தபடி சொன்னார். அடுத்த வருஷம் கோடையில், கவலை ஓட்டிக்கொண்டிருந்த நைனா வடத்தின் மேல் உட்கார்ந்து சரிவில் இறங்கும்போது வடம் அறுந்தது. தூக்கி எறியப்பட்டு இடுப்பெலும்பு முறிந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். அம்மாவும் நானும் மாற்றி மாற்றித் துணைக்கு இருந்தோம். அவரைப் புரட்டிவிடுவதையும் முதுகில் புண் வராமல் துடைப்பதையும் நான் செய்யும் விதத்தைப் பார்த்து அங்கிருந்த தலைமை நர்சம்மா, "படிச்சிருக்கியா நீ? எங்கூட வந்துடேன்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அதை நான் பொருட்படுத்தவில்லை. என் நினைப்பெல்லாம் கொல்லையில் இருந்தது.

ஆடியில் மழை இறங்கியது. இரண்டு நாள் நல்ல மழை. மல்லாட்டை போட அந்த ஈரம் நாலைந்து நாள்தான் தாங்கும். ஏழுமலைக்கு ஆள் சொல்லி அனுப்பினோம். லாரி பெங்களூர் போயிருக்கிறது என்று பதில் வந்தது. ஊரில் ஏர் வைத்திருந்த எல்லோரும் அவரவர் கொல்லையில் இருந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில். மூன்றாம் நாள் விடிந்ததும் நானே மாட்டை ஓட்டிக்கொண்டு போய் நுகத்தில் பூட்டினேன். மேழியைப் பிடித்து அழுத்தினேன். இரண்டு சுற்றில் கை பழகிவிட்டது. மாடுகளுக்கு என் குரல் பழக்கம். அன்று மத்தியானத்துக்குள் அரை ஏக்கர் உழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த வேறு ஒரு நாள் இல்லை.

மறுநாள் காலை வரப்பில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பக்கத்துக் கொல்லைக்காரரான என் பெரியப்பா உழுத சால்களைத் தாண்டி நேராக வந்தார்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க? ஏரை வுட்டுட்டு எட்டப் போ."

"ஈரம் காஞ்சிடும் பெரிப்பா. தம்பி வர்ற வரைக்கும் தாங்காது."

"காஞ்சா காயட்டும். பொம்பள மேழி புடிச்சா ஊருக்கு மழ நின்னுடும். எல்லாரும் பட்டினி கெடக்கணுமா?"

"வெத போடறதும் பொம்பளதானே? அதுக்கு மட்டும் மழ நிக்காதா?"

அவர் குனிந்து மாடுகளை அவிழ்த்தார். பெரியப்பா கெட்டவர் இல்லை. அன்று சாயங்காலமே தன் ஏரைக் கொண்டுவந்து, மிச்சமிருந்த கொல்லையை அடுத்தடுத்த நாட்களில் ஒரு பைசா வாங்காமல் உழுது கொடுத்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நடந்து நான் விதை போட்டேன்.

பிறகு மழை உண்மையிலேயே நின்றுவிட்டது. ஆடி முடிந்து ஆவணியும் பாதி போயிற்று. ஒரு துளி இல்லை. காய்ந்தது எங்கள் கொல்லை மட்டுமில்லை, கோலியனூர் வரைக்கும் எல்லார் மல்லாட்டையும் சுருண்டது. யாரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்கள், அவ்வளவுதான். அனந்தபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. "ஏர் புடிச்ச பொண்ணாமே" என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டார்களாம். அதற்கப்புறம் வேறு எவரும் வரவில்லை.

நைனா கோலூன்றி வீட்டுக்கு வந்த மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். காய்ந்த செடிகளுக்கு நடுவே நின்று, நான் உழுத பக்கத்தையும் பெரியப்பா உழுத பக்கத்தையும் நெடுநேரம் பார்த்தார். எது யாருடையது என்று நான் சொல்லவில்லை. அவர் சரியாக என் பக்கத்தைக் கோலால் காட்டினார்.

"சால் நேரா போயிருக்கு. ஏழுமலைக்கு இது வராது."

அவர் கோலை மறுபடி மண்ணில் ஊன்றிக்கொண்டார்.

"நெலத்துக்கு உன்ன புடிச்சிருக்கு கண்ணு. ஊரு வுடாது. நான் இருக்கற வரைக்கும் ஊரோட மல்லுக்கு நிக்கலாம். அப்பறம் நீ தனியா இன்னா பண்ணுவ? அந்த நர்சம்மா ஒரு எடம் சொன்னாங்க. போயிடு."

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் சனத்தில் நர்சு வேலை என்றால் கண்டவர் உடம்பைத் தொடும் வேலை. அம்மா ஒரு வாரம் அழுதாள். இனிக் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று அவளே பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் துணிகளை மடித்து வைத்தாள்.

நைனாவால் இனி மேழி பிடிக்க முடியாது. நான் சேர்ந்த இரண்டாம் மாதம் அவர் கோலை ஊன்றிக்கொண்டே பஸ் ஏறித் திண்டிவனம் வந்து, லாரி ஷெட்டில் ஏழுமலையைக் கண்டுபிடித்து, ஊருக்குக் கூப்பிட்டார். ஏழுமலை அன்று சாயங்காலம் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிவந்தான். கையெல்லாம் கிரீஸ். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஸ்டேரிங் புடிக்க இன்னும் ஒரு மாசம்தான். டிரைவரண்ணன் கத்துத் தர்றேன்னுட்டாரு. நைனா கையில ஒரு வார்த்த சொல்லு. நெலத்தக் குத்தகைக்கு வுட்டுடலாம். நீ சொன்னா கேப்பாரு."

நான் சொன்னால் நைனா கேட்டிருப்பார். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் குத்தகைக்குப் போன நிலம் திரும்பாது என்று பயந்தேன். நான் இல்லாவிட்டாலும் எங்கள் ஆள் ஒருவர் அதில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "கொஞ்ச நாள் பாரேன் ஏழுமல. நைனாவுக்கு ஒடம்பு தேறட்டும்" என்றேன். அவருக்கு உடம்பு தேறாது என்பதை மூன்று மாதம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அவன் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஊரார் என்னை நிலத்திலிருந்து துரத்தினார்கள் என்று இங்கே தோழிகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். தம்பியை அதே நிலத்தில் கட்டிப்போட நானும் கை கொடுத்தேன் என்பதை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

அவன் உழுதான். சால் கோணிக்கொண்டு போகும் என்று அம்மா சொல்வாள். நான் பயிற்சி முடித்து அனுப்பிய பணமும் சேர, ஒரு பழைய ஆயில் என்ஜின் வாங்கிக் கிணற்றில் வைத்தான். அந்த நாலு ஏக்கரில் அவன் நேசித்த ஒரே பொருள் அதுதான். விடுமுறையில் போனால் நெற்பயிர் மஞ்சள் கட்டிக் கிடக்கும்; என்ஜின் மட்டும் துடைத்த வெண்கலம் போல மின்னும். நாலு வருஷம் கழித்து எனக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்தபோது விழுப்புரம் ஜங்ஷனுக்கு அவன்தான் வழியனுப்ப வந்தான். பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றவன், ரயில் நகரும்போது, "நீ போற எடத்துல நான் போயிருக்கணும், நான் நிக்கற எடத்துல நீ நின்னிருக்கணும். வுடுக்கா, லெட்டர் போடு" என்றான். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய நகரத்துக்குப் போனால் நம் ஆட்கள் சிலரைப் பார்க்கலாம். வார்ப்பட ஆலையில் வேலை செய்பவர், பஸ் கண்டக்டர், என்னைப் போல நர்சுகள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஊரில் எவ்வளவு நிலம் என்பதில் வந்து நிற்கும். மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர், அண்ணன் பார்த்துக்கொள்கிறான், மாமன் பார்த்துக்கொள்கிறார். எல்லோருமே நிலம் போதாமல் வந்தவர்கள். ஆனால் அந்தப் போதாத நிலத்தைப் பற்றி ஒவ்வொருவரும் பேசுவதைக் கேட்டால் ஜமீன்தார்கள் கூட்டம் என்று தோன்றும். அங்கே நின்று உழுகிறவனிடம் அவனுக்கு அது பிடித்திருக்கிறதா என்று கேட்டதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த டிராக்டர்ப் பெண்ணை நான் பிறகு நேரிலேயே சந்தித்தேன். கால்முறிவுக்காக என் வார்டில் சேர்ந்திருந்த மிஸ்டர் பென் என்ற கிழவரைப் பார்க்க அவள் வருவாள். அவருடைய ஒரே மகள், மார்கரெட். மிஸ்டர் பென் எப்போதும் நிலத்தைப் பற்றியே பேசுவார். என் அப்பாவும் விவசாயிதான் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்தது. எவ்வளவு நிலம் என்றார். நாலு ஏக்கர் என்றேன். "நல்ல பெரிய தோட்டம்தான். பண்ணை எவ்வளவு?" என்றார். பண்ணையே அதுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. தோட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியது என்று சொல்லிக் காய்ச்சல்மானியை அவர் வாயில் வைத்துவிட்டேன்.

ஒருநாள் அவர் தூங்கிக்கொண்டிருந்ததால் மார்கரெட் வராந்தாவில் காத்திருந்தாள். நான் அவளிடம் மனசில் இருந்ததைச் சொன்னேன். நீ உழுவதைப் பார்த்தேன், நீ எவ்வளவு அதிர்ஷ்டக்காரி தெரியுமா என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். காது சிவந்து, "அதிர்ஷ்டமா? எனக்கு அண்ணன் தம்பி இல்லை, அதனால் நான். வேண்டுமா என்று என்னை யார் கேட்டார்கள்?" என்றாள். பிறகு என் வெள்ளை உடுப்பைத் தொட்டுப் பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு, டைப் அடிக்கப் படித்து லண்டனுக்குப் போக வேண்டும் என்றுதான் ஆசை, அப்பா எழுந்து நடக்கட்டும் என்று காத்திருக்கிறேன் என்றாள். மிஸ்டர் பென் பழையபடி நடக்கமாட்டார் என்பது என் கையிலிருந்த குறிப்பில் எழுதியிருந்தது. திண்டிவனம் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அதே இடத்தில் மறுபடியும் நிற்பதுபோல இருந்தது. இந்த முறை பொய் சொல்லவில்லை. டாக்டரிடம் நேராகக் கேள், அவர் உண்மையைச் சொல்வார் என்றேன். அவள் கேட்டாளா, அதற்கப்புறம் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் என்னை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

நைனா இறந்த செய்தி தந்தியில் வந்தபோது நான் ஒரு கிழவிக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தந்தியைப் பையில் வைத்துக்கொண்டு துடைத்து முடித்தேன். சிஸ்டர் தேநீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மகளுக்கு அப்பா வயது தெரியாதது அவருக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அந்தத் தேநீரைக் குடித்தேன்.

அடுத்த வருஷம் ஏழுமலையிடமிருந்து தடித்த கடிதம் வந்தது. ரோட்டோர நிலம் என்பதால் விழுப்புரத்து வியாபாரி ஒருவர் அரிசி மில் கட்ட நாலு ஏக்கரையும் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், புதுச்சட்டப்படி மகளுக்கும் பங்கு உண்டாம், உன் கையெழுத்து இல்லாமல் அவர் வாங்கமாட்டார், பவர் பத்திரம் இதோடு இருக்கிறது, லண்டனில் நம் நாட்டு அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று எழுதியிருந்தான். அந்த நிலத்தில் எனக்குப் பங்கு உண்டு என்று நான் முதன்முதலாக அறிந்தது அதை விற்பதற்காக வந்த கடிதத்தில்தான்.

விற்காதே என்று எழுதினேன். வேலையை விட்டுவிட்டு வருகிறேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஆத்திரத்தில் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வழக்கமான நலம் விசாரிப்பு இல்லை.

"அக்காவுக்கு. நீ வந்து பார்த்துக்கொள்வதென்றால் ஏர் யார் பிடிப்பது? உன்னைப் பிடிக்க விடுவார்களா? கூலிக்கு ஆள் வைத்தால் நாலு ஏக்கரில் கூலிக்கே காணாது. இத்தனை வருஷம் நைனாவுக்காக உழுதேன். இனி உனக்காக உழ முடியாது. நீ அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொள்ள உனக்கு இங்கே ஒரு நிலம் வேண்டும். அதற்கு நான் எத்தனை நாள் காவல் இருப்பது? எனக்கு முப்பது வயது ஆகப்போகிறது. அன்றைக்குத் திண்டிவனத்தில் ஒரு வார்த்தை கேட்டேன், நீ சொல்லவில்லை. இப்போது ஒரு கையெழுத்துக் கேட்கிறேன்."

அதைப் பலமுறை படித்தேன். அந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டனுக்கு ரயில் ஏறினேன்.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி வடக்கத்திக்காரர், மரியாதையானவர். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தமிழ் தெரியாது, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே ஆங்கிலத்தில் சொல்லுங்கள், புரிந்துதான் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று நான் பார்க்க வேண்டும் என்றார். கோவிந்தன் குமாரத்தி அஞ்சலாட்சி ஆகிய நான் என்று தொடங்கினேன். நிலத்தின் நான்கெல்லை வந்தது. வாய்க்காலுக்குத் தெற்கு, பாண்டிச்சேரி ரோட்டுக்கு வடக்கு, முனுசாமி கொல்லைக்குக் கிழக்கு, கோயில் மானியத்துக்கு மேற்கு, இதன் மத்தியில் உள்ள நஞ்சையும் புஞ்சையும், கிணறும், கிணற்றில் உள்ள பாத்தியமும். வாய்க்கால் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தெரிந்திருந்தும் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். மடை திருப்பிய வாய்க்கால் அது. அதிகாரி பொறுமையாகக் காத்திருந்து, "வார்த்தை தெரியவில்லையா? பரவாயில்லை, மேலே போங்கள்" என்றார். ஆமாம் சார், வார்த்தை தெரியவில்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன். பெருவிரல் ரேகையும் வைக்கச் சொன்னார்; வைத்தேன். வெளியே வந்து, மை துடைக்க இடமில்லாமல் கைக்குட்டைக்குள் விரலைச் சுற்றிக்கொண்டு ரயில் நிலையம் வரைக்கும் நடந்தேன்.

நிலம் போயிற்று. ஏழுமலை அம்மாவை விழுப்புரத்துக்கு அழைத்துக்கொண்டு போய் வாடகை வீடு பிடித்தான். லைசென்ஸ் எடுத்தான். இப்போது விழுப்புரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் போய்வரும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். கல்யாணமும் ஆயிற்று. முன்பெல்லாம் நாலு வரியோடு நிறுத்திக்கொள்பவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறான். புது வண்டி, புது டயர், ரோட்டில் நடந்த வேடிக்கை. அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று படிக்கும்போது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். பல சமயம் இருக்கிறது.

போன மாதக் கடிதத்தில் ஒன்று எழுதியிருந்தான். மில்லுக்காரர் கிணற்றை மூடிவிட்டாராம். சுற்றிலும் மதில் எழுப்பிவிட்டார். மில் வேலைக்கு வருகிறவர்களுக்காக மதிலுக்கு எதிரே பஸ் நிற்க ஆரம்பித்திருக்கிறது. அந்த இடத்துக்கு என்ன பெயர் சொல்வது என்று கண்டக்டர் ஊர்க்காரர்களைக் கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்ன பெயரைத்தான் இப்போது கூவுகிறாராம். "'கோவிந்தன் கெணறு எறங்கு, கோவிந்தன் கெணறு எறங்கு' என்று ஒரு நாளைக்கு எட்டு நடை கேட்கிறேன் அக்கா. நைனாவைப் பேர் சொல்லிக் கூப்பிட ஊரில் யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. இப்போது அவரைப் பார்த்தே இராத பையன் கூப்பிடுகிறான். நான் பிரேக்கை மிதிக்கிறேன்" என்று எழுதியிருந்தான்.

இரண்டு வருஷத்தில் எனக்கு நீண்ட விடுப்பு வரும். ஊருக்குப் போனால் விழுப்புரத்தில் இறங்கி அந்தப் பஸ்ஸில்தான் ஏறுவேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டால் நைனாவின் பேரைச் சொல்லி டிக்கெட் வாங்கிக்கொள்வேன். அங்கே வண்டி நிற்கும். முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்ப்பான். இறங்கினால் கால் வைக்க எங்களுக்கென்று அங்கே ஒரு சாண் மண் இல்லை. இறங்காமல் இருந்துவிட்டால், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, மற்றவர்கள் முணுமுணுக்க, அவன் எவ்வளவு நேரம்தான் எனக்காக வண்டியை நிறுத்தி வைத்திருப்பான்?